டூ, ட்வின், ட்வெல்வ்: ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கும் பழைய 'இரண்டு'

இருபது, இருவர், இருமடங்கு, இருதலைக்கொள்ளி. இவை எல்லாவற்றிலும் 'இரு' வருகிறது. எல்லாவற்றிலும் அதற்கு இரண்டு என்றே பொருள். இரும்பு, இருள், இருமல், இருக்கை ஆகியவற்றிலும் அதே 'இரு' வருகிறது. அங்கே இரண்டுக்கு வேலையே இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்குப் போனதும் இந்த நிதானம் போய்விடுகிறது. "ட்வ என்று தொடங்கினால் இரண்டு, ஸ்ன என்று தொடங்கினால் மூக்கு, டபிள்யூ-ஆர் வந்தால் முறுக்கல்" என்று அடித்துச் சொல்லும் காணொளிகளும் பகிர்வுகளும் ஏராளம். அவற்றில் பாதி சரி. அந்தப் பாதி எதனால் சரி என்பதை விளக்காமல் விடுவதால், தவறான மீதியும் அதே வேகத்தில் பரவுகிறது. ஒரே எழுத்துகள் பல சொற்களில் வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்கலாம், சத்தத்தின் ஈர்ப்பால் ஒன்றுசேர்ந்திருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு ட்வ-வைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கிலத்தின் டி (D), டீ (T) என்ற இரண்டு எழுத்துகளையும் தமிழில் 'ட' என்றே எழுதுகிறோம். காதுக்கு அவை வேறு. 'பண்டம்' என்பதில் வரும் ட, டி-யின் ஒலி. 'பட்டம்' என்பதில் வரும் ட, டீ-யின் ஒலி. முன்னதை மெல்லிய ட என்றும் பின்னதை வல்லிய ட என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். பின்னால் இந்த வேறுபாடுதான் முக்கியச் சாட்சி.

ட்வ குடும்பம்

டூ (இரண்டு), ட்வின் (இரட்டைப் பிள்ளை), ட்வைஸ் (இருமுறை), ட்வென்டி (இருபது) ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. ட்வென்டி என்பது இரண்டு பத்து. 'இருபது' கட்டப்பட்ட விதமும் அதுவே.

ட்வெல்வ் கொஞ்சம் சுவையானது. 13 முதல் 19 வரை ஆங்கிலத்தில் 'டீன்' என்று முடியும். அந்த டீன் பத்து. அப்படியானால் 11-க்கும் 12-க்கும் ஏன் டீன் இல்லை? அவை வேறு முறையில் எண்ணப்பட்டவை. இலெவன் என்பதன் பழம்பொருள் 'ஒன்று மீதி', ட்வெல்வ் என்பதன் பழம்பொருள் 'இரண்டு மீதி'. பத்தை எண்ணி ஒதுக்கிய பிறகு மிஞ்சியது எவ்வளவு என்பதே அந்தச் சொற்களின் கணக்கு. ட்வெல்வ் சொல்லின் பின்பாதியில் வரும் 'ல்வ்', 'விட்டுவைத்தல்' என்னும் பொருளுடைய லீவ் என்ற சொல்லுக்கு உறவு.

நூலும் துணியும் இந்தக் குடும்பத்தில் நிறைய இடம் பிடித்திருக்கின்றன. ட்வைன் என்றால் இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல். ட்விஸ்ட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஒரு கயிற்றின் பெயருக்குள் வருகிறது. இரு புரிகளைச் சேர்ப்பதிலிருந்துதான் 'முறுக்குதல்' என்ற பொருள் வளர்ந்தது. ட்வில் ஒரு நெசவு வகை. ஜீன்ஸ் துணியை உற்றுப் பார்த்தால் சாய்வான வரிகள் தெரியுமே, அதுதான். லத்தீனில் இதன் பெயர் பிலிக்ஸ், 'ஈரிழை'. பழைய ஆங்கிலம் பேசியவர்கள் அதன் முதல்பாதியான 'பி'யை எடுத்துவிட்டுத் தங்கள் 'ட்வி'யை வைத்துக்கொண்டார்கள்.

பிட்வீன் என்பதற்குள்ளும் அதே ட்வ ஒளிந்திருக்கிறது: 'இரண்டின் பக்கத்தில்'. இதை வைத்து, "இரண்டு பேர் என்றால் பிட்வீன், அதற்கு மேல் என்றால் அமங்" என்று பள்ளியில் கறாராகச் சொல்வதுண்டு. ஆனால் இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் பிட்வீன் பழைய ஆங்கிலக் காலத்திலேயே வழங்கியிருக்கிறது. ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பது இன்று அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்குச் சட்டம் ஆகாது. ட்வைலைட் அந்தி வெளிச்சம். இரு வெளிச்சங்களுக்கு இடைப்பட்டது என்பார் சிலர், அரை வெளிச்சம் என்பார் சிலர். முன்னால் நிற்பது பழைய இரண்டுதான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

டூ-வில் டபிள்யூ ஏன் ஒலிப்பதில்லை

ட்வின், ட்வெல்வ் என்று சொல்லும்போது 'வ' கேட்கிறது. டூ-விலும் டபிள்யூ எழுதுகிறோம், ஆனால் கேட்பதில்லை. இதற்குக் காரணம் உதடு.

பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கு 'ட்வா' என்று பெயர். காலப்போக்கில் அந்த 'ஆ', 'ஓ' ஆகி, பிறகு 'ஊ' ஆனது. ஆங்கில டபிள்யூ உதட்டைக் குவித்து ஒலிப்பது. ஓ, ஊ என்பவையும் உதட்டைக் குவித்தே ஒலிப்பவை. உதடு குவித்து 'ட்வூ, ட்வூ, ட்வூ' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சில முறைக்குள் நடுவிலுள்ள வ கரைந்து 'டூ' ஆகிவிடும். ட்வின், ட்வெல்வ் என்பவற்றில் அடுத்து வரும் இ, எ ஒலிகளுக்கு உதடு விரிகிறது. அதனால் வ தனியாகக் கேட்டுத் தப்பித்துக்கொண்டது. 'யார்' என்று கேட்கும் ஹூ, வாளைக் குறிக்கும் ஸோர்ட் ஆகியவற்றிலும் டபிள்யூ இதே போலத்தான் ஊமையானது.

ஒலி போன பிறகும் எழுத்து ஏன் நிற்கிறது? பழகிய எழுத்துமுறை லேசில் மாறுவதில்லை. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை மெல்ல மெல்ல இறுகியது. பேச்சு தன் போக்கில் மாறிக்கொண்டே போனது. ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகள் பல, முன்பு ஒலித்தவை. பழைய பொருளைத் தேடுகிறவர்களுக்கு அவை பெரிய உதவி.

இதுவரை பார்த்தது: ட்வ சொற்களில் பல ஒரே பழைய 'இரண்டி'லிருந்து பிறந்தவை. இப்படி ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்களை இனச்சொற்கள் என்பார்கள். ஆங்கிலத்துக்குள்ளேயே பார்த்தால் மட்டும் இது உறுதியாகாது. வெளியே சாட்சி வேண்டும்.

ஜெர்மனும் லத்தீனும் சமஸ்கிருதமும்

ஜெர்மனில் இரண்டு 'ட்ஸ்வை', பன்னிரண்டு 'ட்ஸ்வோல்ஃப்', இருபது 'ட்ஸ்வான்ட்ஸிஷ்', இரட்டைப் பிள்ளை 'ட்ஸ்வில்லிங்', 'இடையே' என்பதற்கு 'ட்ஸ்விஷன்'. ஆங்கிலத்தில் ட்வ வரும் இடத்தில் அங்கே ட்ஸ்வ வருகிறது. இது இரண்டைக் குறிக்கும் சொற்களில் மட்டும் நடந்தது இல்லை. பத்துக்கு ஆங்கிலம் டென், ஜெர்மன் ட்ஸேன். பல்லுக்கு டூத், ட்ஸான். நாக்குக்கு டங், ட்ஸுங்க. ஏறத்தாழ கி.பி. 6 முதல் 8 வரையான நூற்றாண்டுகளில் தென்பகுதி ஜெர்மன் பேச்சுவழக்குகளில் சொல்லின் தொடக்கத்திலிருந்த வல்லிய ட பெரும்பாலும் ட்ஸ ஆனது. இப்படி ஒரு மொழியில் ஓர் ஒலி, அது வரும் சொற்களிலெல்லாம் ஒரே விதமாக மாறுவதை ஒலிமாற்ற விதி என்கிறோம்.

சொல் உறவை முடிவு செய்வது இந்த விதிதான். இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் உறவு நிரூபணமாவதில்லை. ஒழுங்காக, பல சொற்களில், ஒரே முறையில் வேறுபடுவதால்தான் நிரூபணமாகிறது. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இந்தத் துறையின் அடித்தளமே இதுதான்.

இன்னும் பின்னால் போகலாம். லத்தீனில் இரண்டு டுவோ, பத்து டெகெம், பல் டென்ட். மூன்றும் மெல்லிய ட-வில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் டூ, டென், டூத். மூன்றும் வல்லிய ட. சமஸ்கிருதத்தில் த்வி, தச, தந்த. மூன்றிலும் முதல் ஒலி மெல்லியதே. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல மொழியின் மெல்லிய ஒலி, ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த கிளையில் வல்லொலியாக மாறிவிட்டது. டென்மார்க் அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818-இல் இதைக் கவனித்து எழுதினார். 1822-இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்தி முன்வைத்ததால் இது கிரிம் விதி என்று பெயர்பெற்றது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே நேரான ஒரு தொடர்பு உண்டு. துவாதசி, துவைதம், தசமி, தந்தம் ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. துவாதசி என்பது பன்னிரண்டாம் நாள்: துவா இரண்டு, தச பத்து. லத்தீனின் 'டுவோடெகிம்' அதே கட்டமைப்பு. அது பிரெஞ்சு வழியாகச் சுருங்கி ஆங்கிலத்தில் டஜன் ஆனது. ஆக, டஜனும் துவாதசியும் இனச்சொற்கள். நம் 'இரண்டு' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. அது கன்னட எரடு, தெலுங்கு ரெண்டு, மலையாள ரண்டு ஆகியவற்றோடு சேர்ந்த திராவிடச் சொல்.

ஒரே இரண்டு, வேறு வேறு உருவில்

டஜன் காட்டுவது போல, அதே மூல இரண்டு வேறு வாசல்கள் வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. டபுள், டூயட், டூப்ளிகேட் எல்லாம் லத்தீன் வழி வந்தவை; அதனால் மெல்லிய ட மாறாமல் இருக்கிறது. சந்தேகத்தைக் குறிக்கும் டவுட்-டும் இங்கேதான் சேரும். ஜெர்மனில் சந்தேகத்துக்கு ட்ஸ்வைஃபெல் என்று பெயர். அதன் தொடக்கத்திலும் இரண்டு. "ரெண்டு மனசா இருக்கு" என்று நாம் சொல்வதில்லையா? தொடர்பில்லாத மொழியிலும் எண்ணம் அதே வழியில் போயிருக்கிறது.

லத்தீனில் சொல் தொடக்கத்தில் வந்த பழைய 'ட்வ' பிற்காலத்தில் 'ப' ஆனது. போனஸ் என்ற சொல்லின் பழைய லத்தீன் வடிவம் டுவோனோஸ். அதற்கு 'நல்லது' என்று பொருள், இரண்டோடு சம்பந்தமில்லை, ஆனால் ஒலி மாறிய விதம் அதில் தெரிகிறது. அதே விதியால் இருமுறை என்னும் 'ட்விஸ்' என்பது 'பிஸ்' ஆனது. அங்கிருந்து வந்ததுதான் பிஸ்கட்: இருமுறை சுட்டது. பேலன்ஸ் என்பது இரு தட்டு, பைசிக்கிள் என்பது இரு சக்கரம், கம்பைன் என்பது இரண்டிரண்டாகச் சேர்ப்பது. இவற்றில் ட்வ எங்குமே இல்லை. ஆனாலும் ட்வின்-னுக்கு உறவு. எழுத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இவற்றைத் தவறவிடுவார்கள்.

டபிள்யூ-ஆர்: முறுக்கலும் கோணலும்

இன்னொரு உண்மையான குடும்பம் டபிள்யூ-ஆர் என்று தொடங்குவது. இங்கும் டபிள்யூ ஒரு காலத்தில் ஒலித்தது; ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில் ஓய்ந்தது. ரிங் (துணியைப் பிழிதல்), ரென்ச் (திருகித் திருப்புதல்), ரைத் (நெளிதல்), ரீத் (வளைத்துக் கட்டிய மலர்வளையம்), ரிஸ்ட் (திரும்பும் மூட்டான மணிக்கட்டு), ரெஸில் (மல்லுக்கட்டுதல்), ரிங்கிள் (சுருக்கம்), ரை (கோணலான). எல்லாவற்றுக்கும் அடியில் 'திருப்பு, முறுக்கு' என்ற பொருள்.

தவறு என்னும் பொருளில் வரும் ராங்-கும் இதில்தான். அதன் முதற்பொருள் 'கோணியது'. எதிர்ச்சொல்லான ரைட் என்பதற்கு முதற்பொருள் 'நேரானது'. நேர் என்பதிலிருந்து நேர்மையையும், வளைந்த கோலிலிருந்து கொடுங்கோலையும் உண்டாக்கிய தமிழுக்கு இது புதிதாக இருக்காது.

இங்கும் விலக்கு உண்டு. எழுதுவதைக் குறிக்கும் ரைட், முன்பு 'கீறு, செதுக்கு' என்று பொருள்பட்டது. ஜெர்மனில் 'கிழி' என்னும் ரைஸன் அதற்கு உறவு. "பேனாவைத் திருப்பித் திருப்பி எழுதுவதால் அது இந்தக் குடும்பம்" என்ற விளக்கம் பொருந்துவது போலத் தோன்றினாலும் தவறு. உடைந்த கப்பலைக் குறிக்கும் ரெக், சிறு பறவையான ரென் ஆகியவையும் வேறு மூலங்கள்.

ஸ்ன: சத்தம் சேர்த்த கூட்டம்

ஸ்னவுட் (விலங்கின் மூஞ்சி), ஸ்னோர் (குறட்டை), ஸ்னிஃப் (மோப்பம்), ஸ்னார்ட் (மூக்கால் சீறுதல்), ஸ்னாட் (மூக்குச்சளி). எல்லாம் மூக்கு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே தாய் என்று காட்ட முடியாது. இவற்றில் பல, மூக்கு எழுப்பும் ஓசையைப் போலவே ஒலிப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை.

தும்மலைக் குறிக்கும் ஸ்னீஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலத்தில் அது 'ஃப்ன' என்று தொடங்கியது. அந்தத் தொடக்க ஒலி ஆங்கிலத்தில் வழக்கொழிந்தபோது, அந்தச் சொல் ஸ்ன கூட்டத்துக்கு மாறிக்கொண்டது. அது பிறப்பால் வந்த உறவு இல்லை, பொருளும் ஓசையும் இழுத்துவந்து சேர்த்தது. இப்படித் திரும்பத் திரும்ப ஒரே வகைப் பொருளோடு வரும் ஒலித்தொடருக்கு 1930-இல் ஆங்கில மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 'ஃபோனெஸ்தீம்' என்று பெயர் வைத்தார். குறிப்பொலி என்று தமிழில் சொல்லலாம். ஒளியைக் குறிக்கும் கிளிட்டர், கிளீம், கிளின்ட் போன்றவற்றின் 'க்ள' இன்னொரு குறிப்பொலி. பளபள, பளிச், பளீர் என்பவற்றில் நாம் கேட்பதும் இதையே.

ஸ்னோ (பனி), ஸ்னேக் (பாம்பு), ஸ்னெயில் (நத்தை) ஆகியவற்றுக்கும் மூக்குக்கும் தொடர்பில்லை. பாம்பும் நத்தையும் மட்டும் தமக்குள் உறவு. இரண்டுக்கும் அடியில் இருப்பது 'ஊர்தல்'.

சுருக்கமாக: ட்வ, டபிள்யூ-ஆர் குழுக்களில் பெரும்பாலானவை பிறப்பால் உறவு; ஸ்ன குழுவில் பெரும்பங்கு ஓசையால் சேர்ந்தது. இரண்டிலுமே சம்பந்தமில்லாதவை கலந்திருக்கின்றன.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

ட்வீசர் என்னும் இடுக்கிக்கு இரண்டு கால்கள். ட்வ-வில் தொடங்குகிறது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆனால் இது பிரெஞ்சின் 'எத்வி' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குச் சிறு கருவிகள் வைக்கும் உறை என்று பொருள். ஆங்கிலத்தில் முன்னால் இருந்த எ உதிர்ந்தது; உறையின் பெயர் உள்ளே இருந்த கருவிக்கு வந்தது. இரண்டு கால்கள் வெறும் தற்செயல். குருவியின் ட்வீட் ஓசையைப் போலச் செய்தது. மின்னும் நட்சத்திரத்தின் ட்விங்கிள், பிடித்து இழுக்கும் ட்விட்ச் ஆகியவையும் இரண்டின் பிள்ளைகள் இல்லை.

தமிழில் அடிக்கடி சுற்றிவரும் இரண்டு கூற்றுகளையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஒன்று: 'ஒன்', 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது. மற்றது: 'எய்ட்', 'எட்டு' என்பதிலிருந்து வந்தது.

இன்று நாம் கேட்கும் 'வன்' என்ற உச்சரிப்பு சில வட்டார வழக்குகளிலிருந்து பிற்காலத்தில் பரவியது. பழைய ஆங்கில வடிவம் 'ஆன்'. ஜெர்மனில் ஐன்ஸ், பழைய லத்தீனில் ஓய்னோஸ். அலோன், ஒன்லி என்ற சொற்களுக்குள் இருப்பதும் அதே எண்தான். அங்கே வ ஒலி வரவேயில்லை. தமிழ்ப் பக்கம் ஒன்று, ஒரு, ஓர் என்று ஒரே வேரின் வடிவங்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்கவில்லை.

எட்டு இன்னும் தெளிவு. எண்பது, எண்ணூறு, எண்திசை ஆகியவற்றில் தெரிவது போல அதன் அடி 'எண்'. கன்னடத்தில் எண்டு. ஆங்கில எய்ட் பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்ட'. ஜெர்மனில் அஹ்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. ஒரு பக்கம் ண் என்ற மூக்கொலி, மறுபக்கம் க், ஹ், ஷ் ஒலிகள். இன்றைய வடிவங்கள் இரண்டும் ஒன்றுபோல் தேய்ந்து நிற்கின்றன, அவ்வளவே.

தமிழிலிருந்து ஆங்கிலம் எடுத்த சொற்கள் உண்மையாகவே இருக்கின்றன. கட்டுமரம் கேட்டமரன் ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது. கடலோர வணிகமும் பயணமும் அவற்றைக் கொண்டுபோயின. பொருளும் சொல்லும் சேர்ந்தே பயணித்தன. இரவல் என்றால் இப்படி ஒரு வழித்தடம் காட்ட வேண்டும். தமிழின் பெருமைக்கு இந்த உண்மையான சான்றுகள் போதும். எட்டையும் ஒன்றையும் அதில் சேர்த்தால், கேட்கிறவர் மற்றவற்றையும் நம்பமாட்டார்.

நீங்களே சோதிக்க

ஒரு சொல்லை எடுத்தால் முதலில் இன்றைய எழுத்தை மறந்துவிட்டு, கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதை ஆண்டோடு தரும். இணையத்தில் விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பு இலவசம். அடுத்து, அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்ததா, பிரெஞ்சு, லத்தீன், நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) வழியாக வந்ததா என்று பாருங்கள். ட்வீசர் இந்தப் படியிலேயே விழுந்துவிடும். மூன்றாவதாக ஜெர்மன் இனச்சொல்லைத் தேடுங்கள். ட்வ-வுக்கு ட்ஸ்வ கிடைத்தால் வலுவான சாட்சி: சுள்ளியைக் குறிக்கும் ட்விக்-குக்கு ஜெர்மனில் ட்ஸ்வைக் இருக்கிறது, கிளை இரண்டாகப் பிரிவதால் அது இந்தக் குடும்பம் என்பது பெரும்பாலோர் கருத்து. கடைசியாகத்தான் பொருளைப் பாருங்கள். பொருளில் தொடங்கினால் எந்தச் சொல்லுக்கும் எந்தக் கதையும் பொருந்திவிடும்.

அகராதிகளில் சில பழைய வடிவங்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். எந்த ஏட்டிலும் எழுதிக் கிடைக்காத வடிவம், ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு கணித்தது என்று அதற்குப் பொருள். "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்ற சொற்களையும் விடாமல் படியுங்கள்; பகிர்வுகளில் முதலில் காணாமல்போவது அவைதான். "பிறப்பு தெரியவில்லை" என்று போட்டிருந்தால் அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சுற்றிக் கட்டுவதைக் குறிக்கும் ராப், டபிள்யூ-ஆரில் தொடங்குகிறது, பொருளும் முறுக்கலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அதன் பிறப்பு உறுதியாகவில்லை. அதனால்தான் மேலே சொன்ன வரிசையில் அது இல்லை.